வதனிக்கு, உவர்மலையிலிருந்து

அன்புள்ள வதனி,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள், இது காரியத்தோடு எழுதும் கடிதம். எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மழை விடவில்லை. டவுண் மான்கள் இப்போது எங்கள் ஒழுங்கைவரை வந்து செவ்வரத்தையை மொட்டையாக்கிவிட்டுப் போகின்றன. உன் முன்னாள் ரசிகர் வங்கியில் மனேஜராகிவிட்டார், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

விசயம் என் பெறாமகள், அக்காவின் சின்னவளைப் பற்றியது. லீவில் வந்து நிற்கிறாள். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ பிசிக்ஸ் ரீச்சர்தானே, இவள் என்னத்தைப் படிக்கிறாள், எப்போது முடியும் என்று நீயே கேட்டுச் சொல். சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றார். புத்தி சொல்லத்தான் போனேன். இரவு ஒரு மணிக்கு எழும்பும்போது நான் அவள் கட்சி.

டனலிங் நுணுக்குக்காட்டி உனக்குத் தெரியும். 1981இல் சூரிச் ஐ.பி.எம். கூடத்தில் பின்னிக்கும் ரோரரும் செய்தது, 1986இல் நோபல். வகுப்பில் நான் ஒரு வரியில் தாண்டிவிடும் சாமான். கூரான ஊசிமுனையை உலோகப் பரப்புக்கு ஒரு நனோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் பிடித்து, தொடாமலே இலத்திரன்களைத் தாண்ட விடுகிறார்கள். ஓர் அங்ஸ்ற்ரோம், அதாவது நனோமீற்றரில் பத்திலொன்று, கிட்டப் போனால் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்து மடங்கு. அதை வைத்து அணுக்களின் மேடுபள்ளம் பார்க்கலாம், சரி. ஆனால் பரப்பில் இருக்கும் மூலக்கூறு என்ன மூலக்கூறு என்று அந்தப் படம் சொல்லாது. சின்னவளின் வேலை அதைக் கேட்பது.

மூலக்கூறின் ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு குறித்த சக்தி உண்டு. கொடுக்கும் வோல்ற்றளவு அதற்கும் குறைவென்றால் இலத்திரன் சும்மா தாண்டிப் போகும். அந்த அளவை எட்டியதும் சில இலத்திரன்கள் தங்கள் சக்தியில் ஒரு பங்கை மூலக்கூறுக்குக் கொடுத்து அதை ஆட்டிவிட்டுத் தாண்டலாம். பாலம் வருவதற்கு முந்திய கிண்ணியாவை நினைத்துப் பார். ஓடுகிற பாதைப் படகோடு சின்னதாக இன்னொரு படகும் விட்டால் அக்கரை சேரும் ஆட்கள் கொஞ்சம் கூடுவார்கள் அல்லவா, அவ்வளவுதான். கடத்துதிறன் கூடுவது சில சதவீதமே. மின்னோட்டத்தின் இரண்டாம் பெறுதியை, அதாவது அது ஏறும் வேகம் எங்கே மாறுகிறது என்பதை, வரைந்தால்தான் அது முனையாக எழும்பித் தெரியும். பிள்ளைகள் "இரண்டாம் பெறுதி எதற்கு மிஸ்" என்று கேட்டால் இனி என்னிடம் பதில் இருக்கிறது.

இந்த வித்தையின் தொடக்கம் 1966இல் ஜக்லெவிக்கும் லாம்பும் கண்டது. ஃபோர்ட் கார்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில், நம்புவாயா? ஆனால் அது இரு உலோகங்களுக்கு நடுவே புதைந்த எக்கச்சக்கமான மூலக்கூறுகளின் மொத்தச் சத்தம். ஒன்றே ஒன்றை, தனியாக, 1998இல்தான் கோர்னெல்லில் ஸ்டைப், ரெசாய், வில்சன் ஹோ மூவரும் கேட்டார்கள். செப்புப் பரப்பில் ஓர் அசற்றிலீன் மூலக்கூறு, 8 கெல்வினில். ஓம், வெல்டிங் கடை அசற்றிலீன்தான். காபன்-ஐதரசன் பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு 358 மில்லிவோல்ற்றில் தெரிந்தது. அறை வெப்பநிலையில் அந்த முனை ஏறத்தாழ 140 மில்லிவோல்ற்று அகலத்துக்குப் பரந்துபோகும், அதனால்தான் அந்தக் குளிர். கன்னியாக் கிணற்றில் வெந்நீர் வார்த்தும் நடுங்கினவள் நீ, உனக்கு இந்த வேலை சரிவராது.

"அது வெறும் இரைச்சல் இல்லை என்று எப்படித் தெரியும்?" என்று மடக்கினேன். ஐதரசனை எடுத்துவிட்டு அதன் இரு மடங்கு பாரமான வகையான தியூட்டீரியம் போட்டார்களாம், முனை 266க்கு இறங்கியது. உடனே கல்குலேற்றரை எடுத்து 358ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பிரித்தேன். 253. "சரிவரவில்லையே பிள்ளை." "காபனும் சேர்ந்து ஆடும், சித்தி." அதையும் சேர்த்துப் போட்டால் 263! எளிமை இசை இயக்கம் வதனி, நாங்கள் சோடா மாஸ்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு படித்த அதே கணக்கு, ஒற்றை மூலக்கூறில் வந்து நிற்கிறது. இரண்டு வகை மூலக்கூறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாதாரணப் படத்தில் வித்தியாசமே தெரியாது. 358இல் வைத்து வருடினால் ஒன்று மட்டும் துலங்கும், 266இல் மற்றது.

எல்லா அதிர்வும் இப்படி வாய் திறப்பதில்லை என்பதுதான் அவளுடைய தலையிடி. சிலது மின்னோட்டத்தைக் கூட்டும், சிலது குறைக்கும், இரண்டும் சமப்பட்டால் ஒன்றுமே தெரியாது. "எப்போது முடியும்" என்ற அக்காவின் கேள்விக்கு அதனால் என்னிடம் திகதி இல்லை.

கரண்ட் இல்லாத ஊரில் குப்பி விளக்கு வைத்து மின்னோட்டம் படித்தவர்கள் நாங்கள். எனக்கும் உனக்கும் எங்கே நின்றது என்று உனக்குத் தெரியும். இவளுக்கும் அங்கே நிற்க நான் விடமாட்டேன். அக்காவிடம் சொன்னால், "உனக்குப் பிள்ளை இல்லை, உனக்கென்ன" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அதற்கு மேல் எனக்குக் கதைக்க வரவில்லை.

நீ சொன்னால் கேட்பார், மாங்காய் வழக்கிலேயே கேட்டவர். ஞாயிறு பின்னேரம் கோயிலால் வந்ததும் எடு. முதலில் அவருடைய பிறசரை விசாரி, பிறகு மெல்ல இதற்கு வா. படிப்பு முடியும்வரை சம்பந்தக் கதை வேண்டாம் என்று சொன்னால் போதும், இலத்திரனை இழுக்காதே. நான் எழுதியதாகவும் மூச்சு விடாதே.

அன்புடன்,
குட்டி