போட்டிப் பத்திரிகையைச் சேர்க்கப் பதிலாள் வாக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செய்தி நிறுவனங்களின் வரலாற்றைப் பேசும்போது பத்திரிகைகள் கூட்டாக நடத்தி, உறுப்பினர்களுக்கு மட்டும் செய்தி தந்த அமெரிக்க நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 1942 ஏப்ரலில் நடத்திய வாக்கெடுப்பை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை. மார்ஷல் ஃபீல்ட் தொடங்கிய சிகாகோ சன் நாளிதழ் உறுப்பினராகக் கேட்டது. அதே ஊரில் காலையில் வரும் போட்டியாளர் மெக்கார்மிக்கின் சிகாகோ டிரிபியூன், ஏற்கெனவே உறுப்பினர், சம்மதிக்கவில்லை. சம்மதம் இல்லையென்றால் உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும், பெரிய தொகையும் கட்ட வேண்டும் என்பது விதி. ஆதரவு 287, எதிர்ப்பு 684. கதவை மூடிவிட்டார்கள்.

என் ஆதங்கம் பதிலாள் வாக்கைப் பற்றியது. அன்று நாடெங்கும் 1,200க்கு மேல் உறுப்பினர்கள் இருந்த இப்படியோர் அமைப்பில் கூட்டத்துக்கு வராத பதிப்பாளர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், விண்ணப்பித்தவர் தரப்பைக் காதால்கூடக் கேட்காமலே அவர் வாக்கு விழுந்துவிடுகிறது, அப்புறம் அந்தத் தாள்களைக் கட்டாகக் கையில் வைத்திருப்பவர் சொன்னதுதான் முடிவு. கணக்கு வழக்கை ஏற்கவோ தணிக்கையாளரை நியமிக்கவோ அப்படி வாக்களித்தால் பரவாயில்லை. ஒரு பத்திரிகைக்குச் செய்தி கிடைக்குமா கிடைக்காதா என்பதை அப்படித் தீர்மானிக்கவே கூடாது.

1945 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பத்திரிகை நடத்தும் சுதந்திரம் அடுத்தவர் நடத்தவிடாமல் கூட்டுச் சேரும் சுதந்திரம் ஆகாது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் தெளிவாகவே எழுதினார். ஆனால் அதற்குள் மூன்று வருடம் போய்விட்டது. இதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்