மீன்தொட்டி பச்சையானால் காலி செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத் தோட்டப் பகுதியில் அண்மையில் வெளியான கோடைக்காலக் குறிப்புகளில், கொல்லையில் உள்ள மீன்தொட்டியின் தண்ணீர் பச்சையாகிவிட்டால் முழுவதையும் இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. அதே போல இறைத்துக் கழுவியும் பலிக்காமல், பிறகு மருந்தை ஊற்றி, ஆண்டுக்கணக்கில் வளர்த்த மீன்களைப் பறிகொடுத்தவன் என்ற முறையில், அது திருத்தப்பட வேண்டும் என்று கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் பக்கத்தில் பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. ஏறத்தாழ 4,200 லிட்டர் பிடிக்கும். கோய் கார்ப்பும் தங்கமீனுமாக 14 மீன்கள் அதில் இருந்தன. சென்ற ஆண்டு சித்திரையில், தொட்டிக்கு நிழல் தந்துகொண்டிருந்த முருங்கை காற்றில் முறிந்து விழுந்தது. அடுத்த பத்து நாளில் தண்ணீர் கரும்பச்சையாகி, ஒரு சாண் ஆழத்தில் நீந்தும் மீன்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இறைத்தோம், தென்னை நார் கொண்டு தேய்த்துக் கழுவினோம், மீண்டும் நிரப்பினோம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, முன்னைவிட அடர்த்தியான பச்சை வந்து நின்றது.

அதன் பிறகுதான் அலங்கார மீன் விற்கும் கடை ஒன்றில் நீல நிற மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று புட்டியில் ஒரு வரிகூட இல்லை. “ரெண்டு மூடி ஊத்துங்க சார், காலையில கண்ணாடி மாதிரி ஆயிடும்” என்றார் கடைக்காரர். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் கண்டது, பழுப்பாகிப் போன தண்ணீரும், அதன்மேல் பாலாடை போலப் படர்ந்திருந்த செத்த பாசியும்தான். மீன்கள் எல்லாம் தண்ணீர் விழும் குழாயடியில் நெருக்கியடித்துக்கொண்டு, வாயை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்குள் 11 மீன்கள் மல்லாந்துவிட்டன. கையை நீட்டினால் விரலைக் கவ்வ வரும் பெரிய கோய் மீனும் அவற்றில் ஒன்று.

மீன்களைக் கொன்றது பச்சைத் தண்ணீர் அன்று என்பதை வாசகர்கள் முதலில் அறிய வேண்டும். கண்ணுக்குத் தனித்தனியாகப் புலப்படாத ஒற்றைச் செல் பாசிகள் கணக்கின்றிப் பெருகி மிதப்பதே அந்த நிறம். கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், அடியில் எதுவும் படியாமல் முழுவதும் ஒரே சீராகப் பச்சையாக இருக்கும். கெண்டை வளர்க்கும் பண்ணைக்காரர்கள் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு இந்தப் பச்சையை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். வெள்ளிக்கெண்டை இந்தப் பாசியையே தின்று வளர்கிறது, கட்லாவுக்கு இரையாகும் நுண்ணுயிர்களும் இதைத் தின்றே பெருகுகின்றன.

ஆனால் பகலில் உயிர்வளியை வெளியிடும் பாசி, இரவில் நம்மைப் போலவே அதை உட்கொள்கிறது. அதனால் தண்ணீரில் கரைந்துள்ள உயிர்வளி விடிவதற்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். அந்த நிலையில் மருந்தை ஊற்றிப் பாசி முழுவதையும் ஒரே இரவில் கொன்றால், செத்த பாசி மக்கும்போது மிஞ்சியிருக்கும் உயிர்வளியும் தீர்ந்துபோகிறது. இத்தகைய மருந்துகள் பலவற்றில் உள்ள தாமிரம் வேறு மீனின் செவுளைப் பாதிக்கும். மழைத்தண்ணீர் போன்ற மென்னீரில் அதன் நச்சு இன்னும் கடுமையாகும்.

சரி, கழுவி நிரப்பியும் பச்சை ஏன் திரும்புகிறது? பாசிக்கு வேண்டியவை இரண்டே: வெயில், உரம். வெயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உரத்தையோ நாம் நாள்தோறும் கையாலேயே போடுகிறோம். நாளைக்குப் பத்து கிராம் தீனி என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 300 கிராம். அதில் 30 விழுக்காடு புரதம் என்றால், சுமார் 14 கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. இதில் பெரும்பகுதி மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே கலந்துவிடுகிறது. தொட்டிச் சுவரிலும் கல்லிலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள்தாம் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கும்போது நாம் அழிப்பது அந்த நுண்ணுயிர்களைத்தான். அவை மீண்டும் நிலைபெற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மோனியா தேங்கி நிற்க, மீனுக்கு ஆபத்து, பாசிக்குக் கொண்டாட்டம்.

எஞ்சிய மூன்று மீன்களை வைத்துக்கொண்டு, மீன்வளம் படித்த உறவினர் ஒருவர் சொன்னபடி செய்யத் தொடங்கினேன். தொட்டியின் மேல் பாதிக்கு நிழல்வலை கட்டினேன். இரண்டு மண்சட்டிகளில் அல்லிக் கிழங்கு நட்டு அடியில் இறக்கியதில், இரண்டே மாதத்தில் அதன் இலைகள் வலைக்கு வேலையில்லாமல் செய்துவிட்டன. தீனியை ஒரு வேளையாக்கி, இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே போட்டேன். பழைய நீல டிரம் ஒன்றில் கருங்கல் ஜல்லியும் கிழிந்த மீன்வலைத் துண்டுகளும் நிரப்பி, மேலே கல்வாழை நட்டு, மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கும் சிறிய மோட்டாரால் தொட்டித் தண்ணீரை இரவும் பகலும் அதன் வழியே ஓடவிட்டேன். வலைத்துண்டுகளில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்ற, உண்டாகும் நைட்ரேட்டைக் கல்வாழையின் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. வலைத்துண்டுகளை அலசுவதும் தொட்டித் தண்ணீரில்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் அந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை; மனம் சோர்ந்து, மறுபடி இறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான்காம் வாரம் பச்சை வெளிறியது. ஆறாம் வாரத்தின் முடிவில் ஒரு நாள் காலை, தொட்டியின் அடியில் கிடந்த பத்து ரூபாய் நாணயம் மேலிருந்தே தெரிந்தது. அது எப்போது விழுந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

புற ஊதா விளக்கு பொருத்தினால் விரைவில் தெளியும் என்பது உண்மைதான். பாசி திரண்டு வடிகட்டியில் சிக்கிக்கொள்ளும். உரம் மட்டும் தண்ணீரிலேயே இருக்கும். தேற்றாங்கொட்டையை உரைத்து விடலாமே என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். சேற்றுக் கலங்கலைத் தெளியவைக்க அதற்கு ஈடில்லை. கரைந்திருக்கும் உரத்தை அது எடுக்காது. வெங்காயத்தாமரை உரத்தை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் மிகுந்துபோனதை வாய்க்காலில் எறிந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பச்சைத் தண்ணீர் என்றாலே டெங்கு என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுவதும் தேவையற்றது. டெங்குக் கொசு பெரும்பாலும் குடம், டயர், பூந்தொட்டித் தட்டு போன்றவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மீன் உள்ள தொட்டியில் அதன் புழு தப்பிப் பிழைப்பது அரிது.

ஆகவே, வெளியான குறிப்புக்குத் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். மீன்தொட்டிக்கென விற்கப்படும் மருந்துப் புட்டிகளில் உட்பொருளும் லிட்டர் கணக்கில் அளவும் தமிழில் அச்சிடப்பட வேண்டும் என்பதை மீன்வளத் துறையின் கவனத்துக்கும் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டும். கோடை முற்றுவதற்குள் இது வெளிவந்தால், இப்போதே பச்சை கட்டத் தொடங்கியிருக்கும் தொட்டிகளுக்குப் பயன்படும். வாரத்துக்கு ஒருமுறை அடியில் படியும் வண்டலோடு பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்தால் போதுமானது. எங்கள் வீட்டில் அது வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை.