சனசமூக நிலையங்களில் இணையம் இல்லாத கோப்பு வலையமைப்பு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2022 மார்ச் முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. சில நாட்களில், ஏப்ரல் 3ஆம் திகதி, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மின்வெட்டு நீண்டால் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிச் சிக்னல் போய்விடும். ஒரு சனசமூக நிலையத்தில் இருக்கிற வினாத்தாளை அதே ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை எடுப்பதற்கு, அது ஏதோ ஒரு வெளிநாட்டுச் சேர்வருக்குப் போய் வரவேண்டிய தேவையே இல்லை. கோப்புகளைச் சேமித்து வைத்து, வைஃபை வழியாக அருகிலுள்ள போன்களுக்குக் கொடுக்கும் ஒரு பெட்டி நிலையத்துக்குள்ளேயே இருந்தால் போதும்.

வேண்டியது ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி (சுருக்கமாகப் ‘பை’), கோப்புகளைச் சேமிக்க 1 டெராபைட் எஸ்எஸ்டி, வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பழைய றவுட்டர். பையிலேயே வைஃபை இருக்கிறதே என்று பலர் றவுட்டரை விட்டுவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து போன் சேர்ந்தாலே அது திணறும். பையையும் றவுட்டரையும் ஒரு வலையமைப்பு வயரால் தொடுத்து, ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 வழியாக ஓடும் எஸ்எஸ்டி, 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும். இணையமின்றி விக்கிப்பீடியா வாசிக்கக் கிவிக்ஸ் என்ற மென்பொருள், பாடங்களுக்குக் கோலிப்ரி என்ற மென்பொருள், மற்றவற்றுக்குச் சாதாரண கோப்புறைகள். முதலில் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் சாதாரண தர, உயர்தர கடந்தகால வினாத்தாள்களையும் ஏற்றலாம். அனுமதி பெறாத படங்களையும் புத்தகங்களையும் ஏற்ற வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

பெட்டி நின்றுபோவது பெரும்பாலும் மின்சாரத்தால்தான். பைக்குக் கிடைக்கும் 5 வோல்ட் 4.63க்குக் கீழே போனால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எஸ்எஸ்டி இடையில் அறும். எல்லோரும் எஸ்எஸ்டியைத்தான் குறை சொல்வார்கள். உண்மையான காரணம் மெல்லிய, நீளமான சார்ஜர் வயர். 3 அம்பியர் தரக்கூடிய சார்ஜரும் குட்டையான தடித்த வயரும் போட்டால் பாதித் தொல்லை தீரும். பையின் இயக்க மென்பொருள் இருப்பது ஒரு எஸ்டி அட்டையில்; அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென்று போனால் அதுவும் கெட்டுவிடலாம். பையின் அமைப்புப் பட்டியலில் ‘ஓவர்லே’ வசதியை இயக்கி அட்டையை வாசிக்க மட்டும் வையுங்கள். கோப்புகள் எஸ்எஸ்டியில், லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 (ext4) வடிவில் இருக்கட்டும்.

எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 12 வாட் இழுக்கும். யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் விரைவில் செத்துவிடும். ஆகவே அது தருவது மூன்றரை மணித்தியாலந்தான். 13 மணித்தியாலம் தாங்கக் கணக்குப்படி 26 அம்பியர்-மணி வேண்டும்; இழப்பையும் தேய்வையும் சேர்த்து 35க்குக் குறைய வாங்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வோல்ட் 14ஐத் தாண்டும் என்பதால் பைக்கு 5 வோல்ட், றவுட்டருக்கு அதில் குறித்த வோல்ட் (பெரும்பாலும் 12) என்று, வோல்ட்டை ஒரே அளவில் வைக்கும் சீராக்கியைத் தனித்தனியே போட வேண்டும்.

பை 4இல், அணைத்த பிறகும் ஓடும் மணிக்கூடு இல்லை. இணையமும் இல்லாததால், அணைத்து ஏற்றும்போதெல்லாம் திகதி பிந்திப்போகும், எது புதிய கோப்பு என்று தெரியாது. ‘டிஎஸ்3231’ என்ற சிறு மணிக்கூட்டுப் பலகையைப் பொருத்தினால் சரி.

ஆட்கள் தடுமாறும் இடம் போன். இணையம் இல்லாத வைஃபை என்று கண்டதும் அன்ட்ரொயிட் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை நிறுத்தச் சொல்லி, 192.168.4.1 என்பதுபோன்ற பெட்டியின் முகவரியைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். எண்ணுக்குப் பதில் பெயர் வைத்தால், பெயருக்குரிய முகவரியை வெளிச் சேர்வரிடம் கேட்கும் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ அமைப்பைப் போட்ட போன்களில் திறக்காமல் போகலாம். நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

பக்கத்து ஊர் நிலையத்தோடு இணைக்க விரும்பினால், நமது தட்டை நிலத்தில் தடை பனைதான். 5.8 கிகாஹேர்ட்ஸில் 1 கிலோமீற்றர் தூரத்துக்கு, நடுப்பகுதியில், இரண்டு அன்டெனாக்களையும் இணைக்கும் பார்வைக்கோட்டைச் சுற்றி 3.6 மீற்றர் வெளி வேண்டும். அதற்குள் ஒரு பனையின் வட்டு (ஓலைத் தலை) நீட்டினாலே ஆடியில் ஓடிய இணைப்பு கார்த்திகை மழையில், ஓலை நனைந்ததும், அறுந்துவிடும். வெளியே அன்டெனா பூட்ட முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள். நெடுந்தீவு போன்ற இடங்களுக்கு அன்டெனாவே வேண்டாம். வாரம் ஒருமுறை குறிகட்டுவான் படகில் ஒரு வெளி டிஸ்க் போனால், நூற்றுக்கணக்கான ஜீபி ஒரே பயணத்தில் சேரும். ‘ஆர்சிங்க்’ என்ற மென்பொருள் மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும்.

பொதுமக்கள் ஏற்றும் கோப்பு நேரே வெளியே தெரியக்கூடாது. தனிக் கோப்புறையில் விழட்டும், பொறுப்பாளர் ஒருவர் பார்த்து எடுத்து வைக்கட்டும். இந்த ஆளை முன்கூட்டியே நியமிக்காத நிலையம் பெட்டியை வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கினால், மூன்று மாதத்தில் அது வைரஸும் ஆபாசமும் நிறைந்து மூடப்படும்.

புரட்டாதியில், மாரிக்கு முன்னர், சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் மட்டும் ஓடவிட்டு நேரம் பாருங்கள். 7 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள் அணைந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்பு வேலை செய்யும் சிலர்,
யாழ்ப்பாணம்.