தமிழ் வகுப்புக்கு ஓர் அறை வேண்டி: பள்ளி மானியம் குறித்துப் பெற்றோரின் மறு மனு

பெறுநர்: பள்ளிக் குழுமக் கண்காணிப்பாளர் அவர்கள்

அனுப்புநர்: சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வட்டார உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் பயிலும் மாணவர்களின் பெற்றோர் (பள்ளியின் பெயரும் எங்கள் கையெழுத்துகளும் இணைப்பில் உள்ளன)

பொருள்: பள்ளிக்குக் கிடைக்கும் மானியத்தில் ஒரு பகுதியைத் தமிழ் வகுப்பறைக்கு ஒதுக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகத் தங்களுக்கு முன்பும் எழுதியிருக்கிறோம். "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது" என்று தானாக வரும் பதில் ஒவ்வொரு முறையும் உடனே வந்துவிடுகிறது. அப்புறம் ஒன்றும் வருவதில்லை. தங்களுக்கு வேலை அதிகம் என்பது தெரியும். ஆனால் இந்தப் பள்ளி தங்களுக்குப் புதிதல்ல, பரிசளிப்பு விழாவுக்கு வந்திருக்கிறீர்கள். மண்டபத்துக்குப் போகக் கேண்டீனைக் கடந்துதான் போயிருப்பீர்கள். அந்தக் கேண்டீனின் கடைசி இரண்டு மேசைகள்தான் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பறை.

1. தாய்மொழிப் பாடவேளையில் ஒவ்வொரு வகுப்பும் சீனம், மலாய், தமிழ் என்று பிரிகிறது. சீனம் படிப்பவர்கள் நிலைவாரியாக மேலும் பிரிகிறார்கள். அறைகள் போதாதபோது ஆள் குறைந்த குழு வெளியே போக வேண்டியிருக்கிறது. ஆள் குறைந்த குழு எப்போதும் எங்கள் பிள்ளைகள்தான்.

உயர்நிலை மூன்று, நான்கின் தமிழ்ப் பாடவேளையும் கீழ்வகுப்புகளின் இடைவேளையும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஆசிரியை மடிக்கணினியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, "இதைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கத் தொடங்கும்போது தட்டும் கையுமாகப் பிள்ளைகள் வந்து குவிந்துவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வே காணொளியைப் பார்த்து உரையாடுவதுதான். அதில் பேசுவது காதில் விழாவிட்டால் எதை வைத்து உரையாடுவது? ஆசிரியை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நிற்கிறார். தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடம் அந்த மேசைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. ஒருநாள் எங்களில் ஒருவரின் மகளுடைய கட்டுரைத் தாளில் மீ சியாம் நூடுல்ஸின் குழம்பு. எது ஆசிரியை சிவப்பு மையில் சுழித்த சந்திப்பிழை, எது குழம்பு என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் சுமத்ரா காற்றுமழை அடித்தால் இன்னும் மோசம். சுவரில்லாத இடம், சாரல் நேராக உள்ளே வருகிறது. பாடத்தைப் பாதியில் விட்டு மேசையை இழுக்கிறார்கள்.

இதில் இன்னொன்று. பாடத்தின் கடினத்தைப் பொறுத்து ஜி2, ஜி3 என்று பிரித்த இரண்டு நிலைப் பிள்ளைகளும் அந்த இரண்டு மேசைகளில்தான் உட்காருகிறார்கள். அதைவிடக் கடினமான உயர்தமிழ்ப் பாடம் எடுத்த இருவர் ஓரத்தில். ஆசிரியை ஒருவர்தான். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் 2027இல் புதிய உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வை எழுதும் முதல் அணியினர். அவர்கள் தயாராகும் இடம் இதுதான்.

2. பணம். எடுசேவ் என்ற அரசுக் கல்வி நிதித் திட்டத்தில் பிள்ளைகளின் கணக்கில் ஆண்டுதோறும் சேரும் 290 சிங்கப்பூர் வெள்ளியை நாங்கள் கேட்கவில்லை. அது அவர்களுக்குரியது. 1993இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பள்ளிகளுக்கும் தனியாக மானியம் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மானியத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். பெற்றோர் கூட்டத்தில் காட்டிய திட்டத்தில் மண்டபத்துக்குப் பெரிய மின்திரை இருந்தது, வாசலுக்கு ஒளிரும் பலகை இருந்தது. தாய்மொழி என்ற சொல் எங்கும் இல்லை. கேட்டபோது "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். மின்திரை வந்துவிட்டது, நன்றாகவே இருக்கிறது.

3. நூலகத்தை ஒட்டி ஒரு சேமிப்பறை இருக்கிறது. உடைந்த நாற்காலிகளும் பழைய விளையாட்டு விழாப் பதாகைகளும் கிடக்கின்றன. அதைக் காலி செய்து, நல்ல விளக்கு, மின்விசிறி, வெண்பலகை, காணொளி பார்க்க ஒரு திரை. அவ்வளவுதான்.

4. முடிந்தால் வாய்மொழிப் பயிற்சிக்குப் பகுதிநேர ஆசிரியர் ஒருவர்.

5. புத்தகங்களைக் கேட்கவில்லை. உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்திலிருந்து நாங்களே எடுத்துக் கொடுத்துக்கொள்கிறோம்.

6. ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. பள்ளி வாசலில் கோலம், பட்டு வேட்டி, புகைப்படம், பள்ளியின் முகநூல் பக்கத்தில் "எங்கள் பன்மொழிப் பண்பாடு". அந்தப் படத்தில் நிற்கும் அதே பிள்ளைகள் மறுநாள் காலை கேண்டீனில் எச்சில் தட்டுகளுக்கு நடுவே இலக்கணம் படிக்கிறார்கள். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று அவர்களே மேடையேறிப் பேசியும் காட்டுகிறார்கள். 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டபோது பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்றார்கள். சரி. நாங்களும் அதைத் திரும்பத் திறக்கச் சொல்லவில்லையே. ஒரு சேமிப்பறை கேட்கிறோம், அதற்கு இத்தனை கடிதமா? எண்ணிக்கை குறைவு என்றால் சத்தத்தில்தான் படிக்க வேண்டுமா? வேறு எந்தப் பாடத்தையாவது கேண்டீனில் நடத்துவீர்களா?

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முதல்வர்மீது எங்களுக்கு வருத்தமில்லை, அவர் கையிலும் எல்லாம் இல்லை. மானியத்தை எதற்குச் செலவிடலாம் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் செய்வார்.

ஐயா, மீண்டும் கேட்கிறோம்: அடுத்த ஆண்டு மானியத்தில் தமிழ் வகுப்புக்கு அந்த அறையை ஒதுக்கித் தாருங்கள். அதுவரை குறைந்தபட்சம் அட்டவணையை மாற்றி, இடைவேளை நேரத்தில் தமிழ்ப் பாடம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள். ஏதாவது ஒரு வாரநாள் காலை, விழா எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, கீழ்வகுப்பு இடைவேளையின்போது கேண்டீனுக்கு வாருங்கள். கடைசி இரண்டு மேசைகள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உயர்நிலை மூன்று, நான்கு தமிழ் மாணவர்களின் பெற்றோர்
உட்லண்ட்ஸ்