முதலில் காலின் நிறம், பிறகு கவிதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வரும் விலங்கு, பறவைக் கவிதைகளை விடாமல் படித்துவருகிறோம். பிள்ளைகளுக்கு உயிர்கள்மேல் உள்ள அன்பு வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அந்தக் கவிதைகளில் பெண் மயில் தோகை விரித்தாடுகிறது, பெண் குயில் கூவுகிறது, பாம்பு பால் குடிக்கிறது, அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கிறது. நீண்ட தோகை ஆண் மயிலுக்குத்தான் உண்டு. நாம் மயங்கிக் கேட்கும் கூவல் கரிய ஆண் குயிலுடையது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்பு நிறப் பெண் குயில் ‘கிக் கிக்’ என்றுதான் கத்தும். இதைப் பிள்ளைகளின் குற்றமாகச் சொல்லவில்லை. கவிதை வகுப்பறைக்குள் எழுதப்படுகிறது, பறவை குளத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே யாரும் அவர்களை நடத்திக் கூட்டிப்போகவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி நடப்பதுதான் வருத்தம். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. நடு ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளுக்கு இந்தியப் பெருநிலத்தின் கடைசிக் குளங்கள் இவை. அந்தத் தேரூரில்தான் 1876இல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசுவையும் கன்றையும் பற்றிய அவருடைய பாட்டை நம்மில் பாதிப் பேர் தொட்டிலிலேயே கேட்டிருப்போம். அதை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பசுவின் நிறம் தவிர வேறு அடைமொழி கிடையாது, எல்லாம் வினைச்சொல். மேய்கிறது, குதிக்கிறது, ஓடுகிறது, நக்குகிறது. கன்று ‘மடி முட்டிக் குடிக்குது’ என்கிறார். கன்று முட்டும்போது மடி தூண்டப்பட்டுப் பால் இறங்கும். தொழுவத்தில் நின்று பார்க்காதவருக்கு அந்த ‘முட்டி’ வாய்த்திருக்காது. ‘அன்புக் கன்று’, ‘அழகுக் கன்று’ என்று எழுதியிருந்தால் பாட்டு இத்தனை தலைமுறை தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே.

விலங்கன்பையும் கவிதையையும் நாலு பேர் சேர்ந்து பகிர்ந்துகொள்ள நம்மிடம் ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது. ஐங்குறுநூற்றின் 500 பாட்டுகளும் பத்துப் பத்தாகக் கட்டப்பட்டவை. அவற்றில் பல பத்துகளுக்கு உயிர்களின் பெயர்தான் தலைப்பு: எருமைப் பத்து, களவன் பத்து (களவன் என்றால் நண்டு), சிறுவெண்காக்கைப் பத்து, குரக்குப் பத்து (குரங்கு), கிள்ளைப் பத்து (கிளி), மஞ்ஞைப் பத்து (மயில்). ஒவ்வொரு பாட்டும் 3 முதல் 6 அடிதான். வெள்ளாங்குருகுப் பத்தில் பத்துப் பாட்டும் ஒரே தொடக்கம் கொண்டவை: ‘வெள்ளாங் குருகின் பிள்ளை செத்தெனக் காணிய சென்ற மடநடை நாரை’ (வெள்ளாங்குருகின் குஞ்சு செத்ததென்று பார்க்கப் போன நாரை). அங்கிருந்து ஒவ்வொரு பாட்டும் வேறு வேறு திசையில் பிரிகிறது. ஆகவே 10 பேர், ஓர் உயிர், ஆளுக்கு 3 முதல் 6 வரி, முதல் வரி எல்லோருக்கும் பொது. நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு கூட்டம் தொடங்க இதைவிட எளிய ஏற்பாடு எங்களுக்குத் தெரியவில்லை. முதல் வரி கையில் கிடைத்துவிடுவதால் எழுதத் தெரியாது என்பவரின் கூச்சமும் போய்விடும்.

குளக்கரையில் இதை நடத்தும் விதம் சொல்கிறோம். ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். வடகிழக்கு மழை கொட்டும் நாளைத் தவிர்த்துவிடலாம். காலை 6 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். எட்டரைக்கு மேல் வெயில் ஏறி, பல பறவைகள் இரை தேடுவதை விட்டு ஒதுங்கிவிடும். கிழக்குக் கரையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்பது முக்கியம். எதிர்வெயிலில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும், பிறகு நீர்க்காகம் எது, அரிவாள்மூக்கன் எது என்று அடித்துக்கொள்ள நேரும். சுசீந்திரம் குளம் நெடுஞ்சாலையை ஒட்டியது. பிள்ளைகளோடு சாலையோரம் நிற்பது ஆபத்து, வண்டிச் சத்தத்தில் பறவைக் குரலும் கேட்காது. தேரூர்ப் பக்கம் கொஞ்சம் அமைதி. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். 40 பேரை ஒரே வண்டியில் இறக்கினால் குளத்தில் எஞ்சுவது தாமரை மட்டுமே. வெள்ளையும் சிவப்பும் உடுத்தாமல் மண் நிறம், இலைப் பச்சை என்று உடுத்தி வரச் சொல்லுங்கள். தாமரைக் குத்தகைக்காரரிடமும் மீன் குத்தகைக்காரரிடமும் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. எந்த மூலையில் எந்தப் பறவை ஒதுங்கும் என்று அவர்கள் சொல்வது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

மூன்று பேருக்கு ஒரு தொலைநோக்கி போதும், 8×42 அளவு. 10 மடங்கு பெரிதாக்குவதை வாங்கினால் சிறுவர் கையில் படம் ஆடிக்கொண்டே இருக்கும். நோட்டில் எழுதப் பென்சில். பனியில் பேனா மை பரவிவிடும். கூட்டமாக நிற்கும் பறவைகளிடமிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் நாம் எல்லை மீறிவிட்டோம் என்று பொருள். அப்போதே நாலடி பின்வாங்கினால் அவை மறுபடி தலை குனியும். குரல் வரவேண்டும் என்று கைப்பேசியில் பதிவு செய்த கூவலைப் போடுவது கூடவே கூடாது. வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று எண்ணி, கூட்டையும் முட்டையையும் விட்டுவிட்டு அது சண்டைக்குக் கிளம்பும். அந்த நேரம் காகத்துக்குப் போதும்.

முதல் 20 நிமிடம் பேச்சு இல்லை. ஒருவர் ஒரு பறவையை மட்டும் தேர்ந்துகொண்டு அது செய்யும் ஐந்து காரியங்களை ஐந்து வினைச்சொல்லாக எழுத வேண்டும். அடைமொழிக்கு அனுமதி இல்லை. அடுத்து மூன்று குறிப்பு: காலின் நிறம், அலகின் வடிவம், நிற்கும் இடம். சேறா, இலையா, வரப்பா, கால் எவ்வளவு நீரில் முங்கியிருக்கிறது என்பது வரை எழுதச் சொல்லுங்கள். முக்குளிப்பானைத் தேர்ந்தவர் அது முழுகி எழும் வரை நொடிகளை எண்ணலாம். முழுகின இடத்தில் எழாது என்பதும் அப்போது தெரியவரும்.

காலின் நிறத்தை ஏன் இப்படி வற்புறுத்துகிறோம் என்றால், நம் பக்கம் வெள்ளையாக எது நின்றாலும் கொக்குதான். சின்னக்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். அந்த விரலால் சேற்றைக் கிளறி மீனை வெளியே வரவைக்கும். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். கும்பப்பூ நெல் சாகுபடிக்குத் தொளி (சேறு) கலக்கும்போது டிராக்டர் பின்னால் வரிசை கட்டி நடப்பதில் இதுவே மிகுதி. மடையானோ உட்கார்ந்திருந்தால் மண், பறந்தால் வெள்ளை. சிறகை மடித்த நொடியில் பறவையே காணாமல் போகும். இந்த மூன்றையும் பிரித்தறிந்தவருக்குக் கவிதையில் பாதி வேலை முடிந்தது.

இனி நிழலுக்கு வந்து உட்கார்ந்து ஒரு பழம்பாட்டை இரண்டு முறை உரக்கப் படிக்க வேண்டும். குறுந்தொகை 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சியாக வேறு யாருமில்லை, ஒரு குருகு (கொக்கு இனப் பறவை) இருந்தது, அதுவும் ஓடுநீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகின் கால் ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால்’. பசிய கால்! சற்றுமுன் பார்த்த சின்னக்கொக்கின் கறுப்புக் கால் இதற்குப் பொருந்தவில்லை. மடையானின் பசுமஞ்சள் கால் பொருந்துகிறது. இதைப் பிள்ளைகளே சொல்லட்டும், நாம் முந்திக்கொள்ள வேண்டாம். தலைவியின் தவிப்பு முழுவதும் ‘மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது’ என்ற ஒன்றில் அடங்கியிருப்பதும் அப்போது தானாக விளங்கும்.

தை மாதக் கூட்டத்துக்கு சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டு. ஆளுக்கொரு அவித்த பனங்கிழங்கு கொண்டுவரச் சொல்லுங்கள். நடுவே பிளந்து, இரண்டு பாதியையும் அடியில் சேர்த்துப் பிடித்து நுனியை மட்டும் விரித்தால் ‘பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்’ கையிலேயே இருக்கும். அலகும் சிவப்பு, காலும் சிவப்பு என்று பாட்டு சொல்கிறது. நம் குளங்களில் நிற்கும் வண்ண நாரையின் அலகு மஞ்சள், அது வேறு. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வலசை வரும் வெண்ணிற நாரைக்கே இரண்டும் சிவப்பு. அந்த நாரையும் பெடையும் ‘தென்திசைக் குமரியாடி’ வடதிசைக்குத் திரும்புவதாகப் புலவர் பாடுகிறார். வலசையின் திசையும் அதன் தென்கோடியும் அந்தப் பாட்டில் இருக்கின்றன, அந்தக் கோடி நம் ஊர். கிழங்கைப் பிறகு தின்றுவிடலாம்.

எழுத 30 நிமிடம் கொடுங்கள். குஞ்சு, ஆண், பெண் என்று எழுத வேண்டி வந்தால் தொல்காப்பிய மரபியல் கைகொடுக்கும். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயரே ஒன்பது சொல்கிறது. பறப்பவற்றுக்குப் பார்ப்பும் பிள்ளையும். பலகையில் எழுதி வைத்தால் போதும், மனப்பாடம் வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி வரியில். ஐந்து வரி அழகாகப் பார்த்து எழுதிவிட்டு, ஆறாவது வரியில் ‘மனிதா, நீ எப்போது திருந்துவாய்?’ என்று முடிப்பார்கள். அந்த வரியை வெட்டச் சொல்லத் தயங்காதீர்கள். உள்ளுறை என்று நம் முன்னோர் வைத்த முறையே விலங்கின் செயலைச் சொல்லிவிட்டுப் பொருளைச் சொல்லாமல் விடுவதுதான். இன்னொரு கோளாறு, பறவையை எப்போதும் பாவப்பட்டதாகவே எழுதுவது. நீலத்தாழைக்கோழி நெற்பயிரைச் சாய்த்துத் தின்னும். அதன் ஊதாவும் சிவப்பும் எவ்வளவு உண்மையோ, அந்த வயல்காரரின் நட்டமும் அவ்வளவு உண்மை. இரண்டும் ஒரே பாட்டில் வந்தால் நல்லது.

படித்துக் காட்டும்போது கேட்பவர்கள் ‘அருமை’ என்று சொல்லக்கூடாது என்று ஒரு விதி வைக்கலாம். ‘எந்த வரியில் உங்களுக்குப் பறவை தெரிந்தது?’ என்பதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். பத்து பேரும் ஒரே வரியைச் சுட்டினால் எழுதியவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எது? கூடு பற்றிய கவிதையில் இடத்தை எழுத வேண்டாம். பார்க்க ஆசைப்பட்டு ஆள் வரும், அடுத்து முட்டை எடுப்பவர் வருவார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைக் கலைப்பதும் முட்டை எடுப்பதும், கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்.

குளம் தொலைவில் உள்ளவர்களுக்கு வீட்டுக் காகமும் அணிலும் பல்லியும் போதும், முறை ஒன்றே. தெருநாயைப் பார்த்து எழுதுபவர் வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சி என்று நம்பிவிட வேண்டாம். விறைத்து மேலே தூக்கிய வால் ஆடினால் அது எச்சரிக்கை. கடியோ நகக் கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட வேண்டும். மரத்தடியில் சிறகு முளைத்த குஞ்சு நின்றால் அது பெரும்பாலும் பறக்கப் பழகுகிறது. பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்தால் தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

ஆசிரியரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. மாணவர் கவிதைக்குக் கீழே பெயர், வகுப்போடு ‘பார்த்த இடம், நாள், நேரம்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள் (கூடு பற்றிய கவிதையானால் இடத்தை மட்டும் விட்டுவிடலாம்). அந்த வரியை நிரப்பவாவது பிள்ளைகள் வாசல் தாண்டுவார்கள். மாதம் ஒரு பத்துக்கு இடம் ஒதுக்குங்கள். மார்கழிக்கு நீளவால் தாமரைக்கோழி என்று அறிவிக்கலாம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அதன் நீண்ட வால் உதிர்ந்துவிடும், மார்கழியில் வால் இராது. முட்டையை அடைகாப்பது ஆண். புத்தகப் படத்தைப் பார்த்து எழுதியவர் நீண்ட வாலை எழுதி அனுப்புவார். குளத்தில் பார்த்தவர் தாமரை இலையில் விரிந்து நிற்கும் அந்த நெடுவிரல்களை எழுதுவார்.

இப்படிக்கு,
தேரூர், சுசீந்திரம் பகுதி வாசகர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்.