கஜமுத்து பற்றி வகுப்பில் பேசப்போகிறோம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அடுத்த இரண்டு வாரங்களில் தரம் 6 முதல் 11 வரையான வகுப்புகளில் யானை பற்றியும் தந்த வியாபாரம் பற்றியும், தந்தத்துக்குள்ளிருந்து எடுக்கப்படும் கஜமுத்து பற்றியும் பாடங்கள் நடக்கவிருக்கின்றன. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து உங்களிடம் கேள்வி கேட்பார்கள். என்ன படிப்பிக்கிறோம், ஏன் படிப்பிக்கிறோம் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஞ்ஞானப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது தரம் 8 மாணவன் ஒருவன், "சேர், ஒரு கஜமுத்து என்ன விலை போகும்?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்குமேல் அந்தச் சொல் தெரிந்திருந்தது. இரண்டொருவர் விலைகூடச் சொன்னார்களாம். "கஜமுத்துடன் இருவர் கைது" என்ற செய்தி அடிக்கடி வருகிறது. வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்று சொல்லும் வீடியோக்கள் கைபேசியில் சுற்றுகின்றன. பிள்ளையைக் கோபிக்க இதில் ஒன்றுமில்லை. அவனுக்கு விலை தெரிந்திருக்கிறது, அந்தப் பொருள் எப்படி வெளியே வருகிறது என்பது தெரியவில்லை.

எங்கள் முதல் பாடம் அதுதான். தந்தம் என்பது யானையின் மேல்தாடையில் உள்ள வெட்டும் பல். அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மண்டைக்குள்ளே புதைந்திருக்கும், உள்ளே நரம்பும் இரத்தமும் ஓடும். கஜமுத்து என்று விற்கப்படுவது அந்தத் தந்தத்தின் உட்குழியில் உண்டாகும் ஒரு திரட்சி. அதை எடுக்கத் தந்தத்தை அடியோடு வெட்ட வேண்டும், அதற்கு யானை செத்தாக வேண்டும். கல்கமுவைப் பக்கம் தந்தங்கள் இரண்டும் குறுக்கே பின்னியபடி ஒரு கொம்பன் (தந்தமுள்ள ஆண் யானை) இருந்தது. 'தள பூட்டுவா' என்று அந்த ஊரே பேர் சொல்லி அழைத்த யானை அது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் அதைச் சுட்டுக் கொன்றது கஜமுத்துக்காகத்தான் என்று விசாரணையில் வெளிவந்தது. இலங்கை ஆண் யானைகளில் ஏறத்தாழ 100க்கு 7தான் கொம்பன். பெண் யானைகளுக்குத் தந்தமே கிடையாது. ஒரு கொம்பன் விழுந்தால் இழப்பு எவ்வளவு என்பதைப் பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும்.

உயர்ந்த வகுப்புகளுக்கு இன்னும் கொஞ்சம் போகலாம். மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை நடந்த போரில் இரு தரப்பும் தந்தத்தை விற்றுச் செலவு பார்த்தன. கொரொங்கோசா காட்டில் இருந்த யானைகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. ஆபிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. ஆனால் அங்கே போருக்குப் பிறகு தந்தமில்லாத பெண் யானைகளின் விகிதம் ஏறத்தாழ 18இலிருந்து 50 சதவீதமாக உயர்ந்துவிட்டது. தந்தம் உள்ளவை சுடப்பட, இல்லாதவை பிழைத்துக் குட்டி போட்டன. இயற்கைத் தேர்வைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு விவாதம். ஆசியயானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்கு 1975இலும், ஆபிரிக்கயானைத் தந்தத்துக்கு 1989இலும் தடை முடிவானது. இருந்தும் 2012இல் கொழும்புத் துறைமுகத்தில் 359 தந்தங்கள் பிடிபட்டன. ஆபிரிக்காவிலிருந்து டுபாய்க்குப் போகும் வழியில் அகப்பட்டவை. 359 என்பது ஒற்றை எண், ஆகவே குறைந்தது 180 யானைகள் என்று கணித ஆசிரியை உடனே சொன்னார். 2016 ஜனவரி 26ஆம் திகதி காலிமுகத்திடலில் அவை அனைத்தும் நொறுக்கப்பட்டன. தென்னாசியாவில் பிடிபட்ட தந்தத்தைப் பகிரங்கமாக அழித்த முதல் நாடு இலங்கை. "அதை வித்து நமக்கு யானை வேலி போட்டிருக்கலாமே" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். தரம் 11 பிள்ளைகள் இதைத்தான் இரண்டு அணியாகப் பிரிந்து விவாதிக்கப்போகிறார்கள். 1999இலும் 2008இலும் ஆபிரிக்க நாடுகள் சில, அனுமதியோடு, தங்கள் கையிருப்பிலிருந்த தந்தத்தை விற்றன. அதனால் கள்ளச் சந்தை அடங்கியதா, ஊக்கம் பெற்றதா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. என் மனம் அழித்தவர்கள் பக்கம்தான். சட்டப்படி விற்ற தந்தத்தையும் கள்ளத் தந்தத்தையும் கடையில் வைத்துப் பிரித்தறிய வாங்குபவரால் முடியாது. ஆனால் விவாதத்தில் நடுவராக நான் உட்காரமாட்டேன்.

இனி நம் ஊர்ப் பேச்சு. இலங்கையில் யானை சாவதற்குப் பெருங்காரணம் தந்தம் இல்லை. 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, இரைக்குள் மறைத்து வைக்கும் வெடியான ஹக்கப் பட்டாசு, ரயில் என்று காரணம் பல. அதே ஆண்டில் யானையால் உயிரிழந்த மனிதர்கள் 150க்கும் அதிகம். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மீனகயா ரயில் மோதி ஒரே இரவில் 6 யானைகள் செத்தன. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று செத்த யானைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுத் தந்தக் கதையை மட்டும் படிப்பித்துவிட்டு இதை விட்டால், யானையைக் கொல்பவன் எங்கோ தூரத்தில் இருப்பவன் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

பிள்ளையாரைக் காட்டி, யானையை நேசியுங்கள் என்று சொல்லிப் பாடத்தை முடிப்பது இலகு. தம்பலகாமத்திலும் ஈச்சிலம்பற்றிலும் சேருவிலவிலும் கதிர் முற்றிய வேளாண்மையை ஒரே இரவில் இழந்த வீட்டுப் பிள்ளையிடம் அது எடுபடாது. எடுபடவும் கூடாது. யானைக்குப் பயப்படும் பிள்ளையை, பயப்படாதே என்று சொல்லும்படி ஆசிரியர்களிடம் நான் கேட்கவில்லை. யானை ஏன் அந்த வழியால் வருகிறது, கண்டால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், ஏன் கல்லெறியக் கூடாது, ஏன் செல்ஃபிக்காகக் கிட்டப் போகக் கூடாது என்பவற்றைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மின்கம்பி பற்றியும் பேசுவோம். வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பதால் யானையோடு மனிதரும், சில நேரம் கம்பி போட்டவரே கூட, சாகிறார்கள். ஹக்கப் பட்டாசு பன்றிக்கு வைத்தாலும் யானைக் குட்டியின் வாயில்தான் வெடிக்கிறது. தாடை கிழிந்த குட்டி நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். பிள்ளைகள் வகுப்பில் வீட்டு விஷயம் ஏதாவது சொன்னால் அதை வைத்து யாரையும் நாங்கள் விசாரிக்கப்போவதில்லை, பாடசாலை பொலிஸ் நிலையம் இல்லை. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் உங்களை நேரில் அழைத்துப் பேசுவேன்.

சில வேண்டுகோள்கள். கண்காட்சிக்கென்று தந்தத் துண்டு, யானைப் பல், யானைமுடி மோதிரம் எதையும் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், பாட்டன் காலத்துப் பொருளானாலும் சரி. ஆசிரியர்கள் காகிதக்கூழில் தந்தம் செய்து வைத்திருக்கிறார்கள், பார்க்க நிஜத்தைவிடப் பெரிதாகவே இருக்கிறது. மாலை வகுப்பும் விளையாட்டுப் பயிற்சியும் இனி 4.30க்கு முடியும். காட்டோரப் பாதையால் வரும் பிள்ளைகள் தனியே நடக்காமல் கூட்டமாக வர ஏற்பாடு செய்யுங்கள். காலையில் பாதையில் யானை நின்றால் பிள்ளையை அனுப்பாதீர்கள். அன்று வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். யானை ஊருக்குள் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் அதை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

இரவில் வயலில் காவல் இருக்கும் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் வகுப்புக்கு வந்து பேச வேண்டும் என்பது எனது பெரிய ஆசை. எந்தச் சத்தத்துக்கு யானை திரும்பும், எதற்குத் திரும்பாது, தனியன் எப்படி வரும், கூட்டம் எப்படி வரும் என்பதெல்லாம் எங்கள் ஆசிரியர் எவருக்கும் உங்களளவு தெரியாது. காவல் முடிந்து வந்து தூங்குகிற நேரம் என்பது புரிகிறது, ஆகவே பேசும் நேரத்தைப் பகல் 11 மணிக்குப் பின் வைத்திருக்கிறோம். வர விரும்புவோர் இத்துடனுள்ள துண்டில் பெயரும் வசதியான நாளும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் பிள்ளையிடம் வாயால் சொல்லி அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை