அடிபட்ட கண்ணும் கண்தான்: கண் மருத்துவத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கும், அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களை முதலில் பார்ப்பவர்களுக்கும், தொலைபேசியில் எங்கள் குறையைக் கேட்டு நாள் குறித்துத் தரும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

பழைய காயம் உள்ள கண்ணில் திடீரென்று பார்வை மங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவரை அன்றைக்கே பாருங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் கண் முன்பே பழுதுபட்டது என்பதால் அவர் காத்திருக்கலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். முன்பே பழுதுபட்டது என்பதால்தான் அவரை உடனே பார்க்க வேண்டும்.

என் இடது கண்ணில் சிறு வயதில் பந்து பட்டது. உள்ளே கட்டிய இரத்தம் வடிந்த பிறகு ஓரளவு பார்வை திரும்பியது. சிறிய எழுத்துகள் மட்டும் அந்தக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு மாலையில் அதே கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் வெட்டி வெட்டி மறைந்தது, புகைக்கரி தூவியதுபோல் கரும்புள்ளிகள் மிதந்தன, விடிந்தபோது கீழிருந்து ஒரு கறுப்பு மேலேறிக்கொண்டிருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கதவைப் பார்த்தேன். மேல் பாதி தெரிந்தது. கைப்பிடிக்குக் கீழே எதுவுமே இல்லை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அது ஏற்கெனவே அடிபட்ட கண்தானே?" என்று கேட்டுவிட்டு வழக்கமான பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் நடுப்பார்வையும் போய்விட்டது. கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை, ஏனென்றால் எதைக் கேட்டால் ஆபத்து புரியும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

மருத்துவர்களான உங்களுக்குத் தெரிந்ததையே இங்கே எழுதுகிறேன் என்றால், அது உங்கள் அறையைத் தாண்டி வெளியே வருவதில்லை என்பதால்தான். அடி விழும் கணத்தில் கண்கோளம் முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் விரிகிறது. அந்த இழுப்பில் விழித்திரையின் ஓரம் கிழியலாம். இளம் வயதில் கண்ணுக்குள் இருக்கும் கூழ் கெட்டியாக இருப்பதால் அது கிழிசலை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆண்டுகள் போகப்போகக் கூழ் நீர்த்து, அந்த நீர் கிழிசல் வழியாகப் புகுந்து விழித்திரையைப் பின்சுவரிலிருந்து உரிக்கத் தொடங்குகிறது. காயம் பட்டு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இது வரக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். விழித்திரைக்கு வலி தெரியாததால், வந்தவர் முகத்தில் அவசரமும் தெரியாது. கறுப்பு கீழிருந்து ஏறுகிறது என்றால் உரிவது மேல்பகுதி என்று பொருள்; அது கீழ்ப்பகுதியைவிட வேகமாகப் பரவக்கூடியது. விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா விலகுவதற்கு முன் அறுவை சிகிச்சை நடந்தால் இருந்த பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விலகிவிட்டாலும், நாட்களைக் கடத்தாமல் ஒட்டவைப்பதற்குப் பலன் உண்டு. 1920-களில் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஜூல் கோனின், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்று செய்துகாட்டும் வரை இது தீராத நோயாகவே இருந்தது. தீர்க்க வழி தெரிந்த பிறகும் வரிசையில் காத்திருந்து ஒரு கண் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடிபட்ட கண்ணில் பார்வை குறைய வேறு காரணங்களும் உண்டு: உள்ளே புதிதாக இரத்தம் கசியலாம், காயத்தால் வந்த கண்புரை முற்றலாம், லென்ஸ் இடம் பெயரலாம், கண்ணின் நீர் வடியும் கோணம் அன்றே சிதைந்திருந்தால் பத்து ஆண்டுகள் கழித்துக்கூட கண்ணழுத்தம் ஏறலாம். எது என்று தொலைபேசியில் முடிவு செய்ய முடியாது. புரையோ இரத்தமோ மறைத்து உள்ளே பார்க்க முடியாவிட்டாலும், விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிவிடும். எனவே நாள் குறித்துத் தருபவர்கள், வெளிச்சம் வெட்டுகிறதா, புதிதாகப் புள்ளிகள் மிதக்கின்றனவா, ஏதாவது ஒரு பக்கம் இருட்டாக இருக்கிறதா, நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லையா என்று கேட்டால் போதும். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.

எங்களில் பலர் தாமதமாக வருகிறோம் என்று நீங்கள் சொல்வது உண்மைதான். நல்ல கண் முழு வேலையையும் எடுத்துச் செய்வதால், மற்றக் கண்ணில் பாதி இருண்ட பிறகும் அன்றாடம் நடந்துகொண்டிருக்கும். நல்ல கண்ணில் தூசி விழுந்து கசக்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. ஆகவே காயத்துக்குச் சிகிச்சை முடிந்து அனுப்பும்போதே ஒரு தாளை எங்கள் கையில் கொடுங்கள். அந்தக் கண்ணில் அன்று எவ்வளவு பார்வை இருந்தது, அழுத்தம் எவ்வளவு, விழித்திரையில் எங்கே தழும்பு இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கட்டும். அவ்வப்போது ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொல்லியும் அதில் இருக்கட்டும். பின்னாளில் முன்பின் தெரியாத ஒரு மருத்துவர் முன் நாங்கள் போய் உட்காரும்போது, "இந்தக் கண் எப்போதும் இப்படித்தான் இருந்ததா?" என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும். இந்த மடலில் நான் கேட்பவற்றில் செலவே இல்லாததும், அதிகம் பயன் தரக்கூடியதும் இதுதான் என்பது என் எண்ணம்.

பார்வை திரும்பாது என்று தெரிந்த பிறகு நீங்கள் பேசும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். "எப்படியும் அந்தக் கண்ணால் பெரிதாக உபயோகம் இருந்திருக்காதே" என்று ஆறுதலாகச் சொல்லப்படுவதை நானும் கேட்டேன், என்னைப் போன்ற மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். எழுத்துப் பலகையில் மேல் வரியைக்கூடப் படிக்க முடியாத கண்ணும் பக்கவாட்டில் வருபவரைக் காட்டிக்கொண்டிருக்கும். இரு கண்களும் சேர்ந்து ஏறத்தாழ 180 பாகை பார்க்கின்றன. ஒரு கண்ணால் ஏறத்தாழ 150 பாகைதான். குறைந்தது கொஞ்சம்தான் என்று கணக்கில் தோன்றும், ஆனால் கூட்டத்தில் இடது தோள் ஒவ்வொருவர் மீதும் இடிக்கும்போதுதான் அந்த அளவு உறைக்கும். தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன், அது விளிம்புக்கு முன்னாலேயே மேசையில் கொட்டியது. குடத்தின் வாயைத் தம்ளர் விளிம்பில் தொடவைத்து ஊற்ற வேண்டும், படியிறங்கும்போது குதிகாலால் விளிம்பைத் தடவிக்கொள்ள வேண்டும், திரும்பும் முன் தலையை முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். பத்து நிமிடம் ஒதுக்கி யாராவது சொல்லித்தந்திருந்தால் அந்த மாதங்கள் அவ்வளவு கடினமாக இருந்திருக்காது. தொலைவைக் கணிக்க மூளை வேறு வழிகளைப் பழகிக்கொள்ளும், அதற்குச் சில மாதங்கள் ஆகும், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்பதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

1961-இல் கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்த மன்சூர் அலி கான் பட்டோடி, அடுத்த ஆண்டே 21 வயதில் இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை ஏற்றார். அவரை நினைக்கும்போது எனக்கு இன்றும் தெம்பு வருகிறது. ஆனால் முதல் வாரத்தில் அந்தக் கதையை எங்களிடம் சொல்லாதீர்கள். அப்போது நாங்கள் இழந்ததற்காக அழுதுகொண்டிருப்போம். அந்த அழுகைக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

எங்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு: மறு கண்ணும் போய்விடுமா? மூன்று வயதில் ஒரு கண்ணில் கூரிய கருவி குத்தி, பிறகு இரு கண்களின் பார்வையையும் இழந்த, பார்வையற்றோருக்கான எழுத்துமுறையை உருவாக்கிய லூயி பிரெயிலின் கதை எல்லோருக்கும் தெரியும். கண்கோளம் கிழிந்த காயங்களுக்குப் பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தியே நல்ல கண்ணைத் தாக்குவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அது அரிது, சிவப்போ கூச்சமோ மங்கலோ தெரிந்த உடனே வந்தால் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளால் கட்டுப்படுத்த முடியும். கிழியாத காயம் என்றால், அந்தப் பயம் எங்களுக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. நாங்கள் கேட்கத் தயங்குவோம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எங்களை வீட்டுக்கு அனுப்பும் முன் நல்ல கண்ணுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எழுதிக் கொடுங்கள். அந்தக் கண்ணுக்குப் பவர் தேவையில்லாவிட்டாலும் எழுதுங்கள். ஏன் அணிய வேண்டும் என்று வீட்டாரையும் உட்காரவைத்து விளக்குங்கள். விளையாடும்போதும், சுத்தியல் பிடிக்கும்போதும், கிளை வெட்டும்போதும் அதைக் கழற்றாமல் இருக்கிறோமா என்று ஒவ்வொரு முறை வரும்போதும் கேளுங்கள்.

இங்ஙனம்,
ஒரு கண் பார்வையோடு வாழும் உங்கள் நோயாளி